முதல் இலையில் காட்டேரி

என் வீட்டுக்காரரை ஒரு அடியாவது அடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் இந்தத் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரம் பேராவது இருப்பார்கள். அதில் பாதிப் பேர் பெண்கள். நான் அந்தக் கூட்டத்தில் சேர்த்தியில்லை. என் ஆசைக்கு வேறு காரணங்கள் உண்டு.

பொருட்காட்சித் திடலிலும் கோயில் கொடைத் திருவிழாவிலும் மேடை போட்டு, சுற்றிலும் கயிறு கட்டி, டிக்கெட் வைத்து மல்யுத்தம் நடத்துவார்களே, அதில் பதினெட்டு வருஷம் அவர்தான் கெட்டவர். வீட்டில் கருத்தையா, சுவரொட்டியில் காட்டேரி. முகமெல்லாம் கரியைப் பூசி, நாக்கைத் துருத்திக்கொண்டு நிற்பார். எதிராளி மேலப்பாளையம் அசன் மைதீன் அண்ணன். அவர் சிங்கம். காட்டேரி எல்லாத் திருட்டுத்தனமும் செய்து பார்க்கும், கடைசியில் சிங்கம் அதைத் தூக்கிப் போட்டு மிதிக்கும், சனங்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். யார் எப்போது விழ வேண்டும் என்பதை இரண்டு பேரும் மத்தியானமே டீக்கடையில் உட்கார்ந்து பேசி முடித்திருப்பார்கள்.

காட்டேரிக்கென்றே பேர்போன ஒரு திருட்டுத்தனம் இருந்தது. சண்டை பாதியில் முழங்கால் முட்டைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிடுவார். கால் போச்சே என்று ஓலமிடுவார். சிங்கம் இரக்கப்பட்டுக் கிட்டே வந்து குனியும். குனிந்ததும் கழுத்தைப் பிடித்துக் கயிற்றில் மோதுவார். "போகாத, கிட்ட போகாத" என்று திடலே கத்தும். சிங்கம் ஒரு நாளாவது கேட்க வேண்டுமே. பதினைந்து வருஷம் அதே இரக்கம், அதே கழுத்து. சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த என்னிடம் ஒரு அம்மாள், "அந்த நொண்டிக் கள்ளனுக்கா ஆக்கிப் போடுதே?" என்று கேட்டதும் உண்டு. ஆமாம் என்று சொல்லி, நல்ல கத்தரிக்காயாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன்.

சண்டை பொய்தான். விழுகிறது பொய் இல்லை. மேலே சாக்கும் கீழே பலகையுமாக இருக்கிற மேடையில் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை விழுந்தால் என்னாகும்? போன வருஷம் ஒரு ஊரில் விழுந்தபோது பலகை உள்வாங்கி, வலது முட்டு மடங்கிவிட்டது. பாளையங்கோட்டையில் டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது, இன்னொரு தடவை விழுந்தால் ஆயுசுக்கும் கம்பு ஊன்ற வேண்டியதுதான் என்றார். அப்போது அசன் மைதீன் அண்ணன் மேடையை விட்டுவிட்டு வாடகை வேன் ஓட்டப் போய் இரண்டு வருஷமாகியிருந்தது. அவருக்குக்கூட இவர் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பேச்சு, ஆட்டத்துக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்டு வன்னியராஜ் காதுக்குப் போகும், அப்புறம் கூப்பிட மாட்டார் என்று பயம். வெளியே பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடப்பார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் சுவரைப் பிடிப்பார். கேட்டால், "ஒண்ணுமில்ல வடிவு." சுடலைவடிவு என்கிற என் பெயரை அவர் அப்படித்தான் சுருக்கியிருந்தார், தன் வலியைச் சுருக்குகிற மாதிரி.

ஊரெல்லாம் டிஷ் வந்து, வெள்ளைக்காரப் பயில்வான்களை வீட்டுத் திண்டில் சாய்ந்துகொண்டே பார்க்கலாம் என்று ஆனபிறகு, திடலில் கூட்டம் குறைந்தது. அந்தச் சமயத்தில்தான் சித்ரலேகா வந்தாள். மெட்ராஸில் புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு சேனலில் நிகழ்ச்சி எடுக்கிறவள். பொருட்காட்சியைப் படம்பிடிக்க வந்தவள், மேடைக்குப் பின்னால் கரிமுகத்தோடு இவர் இட்லி தின்பதைப் பார்த்துவிட்டாள். ஊர் ஊராகப் போய் அந்தந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக் காட்டுகிற நிகழ்ச்சிக்கு இவரையே போட்டுவிட்டாள். அடிபட்டது ஏதாவது உண்டா என்று ஒரு தாளில் கேட்டிருந்தார்கள். இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல்காரி. முந்நூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப் பரிமாறுகிறவள். சாப்பிடுவது பெரிய வேலையா, இதையாவது ஒழுங்காகச் செய்துவிடுவார் என்று நம்பினேன். உடன்குடியில் கருப்பட்டிக் காப்பி குடிக்கச் சொன்னார்கள். ஒரு வாய் குடித்தார். கண்ணை உருட்டினார், மாரில் அறைந்தார், பின்பக்கமாக நாலடி தள்ளாடிப் போய் நின்றார்.

"சார், காபிதானே குடிச்சீங்க? யாரோ குத்தின மாதிரி போறீங்களே" என்றாள் சித்ரலேகா.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கடைசி வரிசையில் சுண்டல் தின்கிறவனுக்கும் தெரிகிற மாதிரி முகத்தை வைத்துப் பழகியவர். கேமரா ஒரு முழத் தூரத்தில் இருக்கிறது என்று சொன்னால் தலையாட்டுவார். அடுத்த நிமிஷமே அல்வாவைப் பார்த்து உறுமுவார். இப்படியே மூன்று டேப் மெட்ராஸுக்குப் போயின. நாலாவதும் சரியாக வராவிட்டால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள் என்று அந்தப் பெண் என்னிடம் தனியாகச் சொன்னாள். அவளுக்கே கண் கலங்கியிருந்தது.

அதே வாரம் வன்னியராஜும் ஆள் அனுப்பியிருந்தார். பாலக்காட்டில் பன்னிரண்டு நாள் ஆட்டம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "டிவி இல்லைன்னா பாலக்காடு" என்றார் இவர், பஸ் நம்பர் சொல்கிற மாதிரி. பன்னிரண்டு நாள், நாளைக்கு ஏழெட்டு விழுகை. இவரை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்திவைக்க எனக்கு இருந்தது அந்த நாலாவது டேப் ஒன்றுதான்.

நாலாவது, சேரன்மகாதேவியில் ஒரு கல்யாண வீடு. மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்ற மகேஸ்வரன் பிள்ளை, தன் மகள் விஜயஸ்ரீயின் மறுவீட்டு விருந்தைப் படம்பிடிக்கச் சம்மதித்திருந்தார். முந்தின நாள் கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிற சாப்பாடு. சைவ வீடுகளில் அன்றைக்குச் சொதிதான். தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்கறியும் போட்டு வைக்கிற குழம்பு. சாப்பாடு முடிந்து மணமக்கள் ராதாபுரத்துக்குக் கிளம்ப வேண்டும். வியாழக்கிழமை, ஒன்றரைக்கு ராகுகாலம். அதற்கு முன்னால் பெண் படி இறங்கியாக வேண்டும்.

பந்தியென்றால் தரையில் உட்கார வேண்டுமே என்பது எனக்கு முந்தின நாளே உறைத்தது. நாங்கள் ஒரு திட்டம் போட்டோம். சீக்கிரமே போய், யாரும் பார்க்குமுன் பந்தல் காலைப் பிடித்து அவரை உட்காரவைத்துவிடுவது. முதல் பந்தி முடிந்து கேமராக்காரர்கள் சாப்பிடப் போகும்போது நான் வந்து தூக்கிவிடுவது. எங்களை வேனில் கொண்டுவந்த அசன் மைதீன் அண்ணன் வாசலோடு நின்றுவிட, அதன்படியே பைய உட்காரவைத்தேன். வலது காலைக் கையால்தான் மடக்கிவைக்க வேண்டியிருந்தது. அப்போது அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். வேட்டியை இழுத்துவிட்டுச் சரிசெய்துகொண்டார்.

அவர் உட்கார்ந்தது பந்தியின் ஓரத்து இலை. வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுகிறது என்று சித்ரலேகா சொன்ன இடம். அந்த வீட்டில் அது முதல் இலை. மாப்பிள்ளையின் அப்பா கார்த்திகேசன் வாத்தியாருக்கு என்று வைத்திருந்தது. மகேஸ்வரன் பிள்ளை ஒரு நிமிஷம் கையைப் பிசைந்தார். வாத்தியாரே சிரித்துக்கொண்டு, "டிவிக்காரரு இருக்கட்டும் அத்தான், விருந்தாளிதானே" என்று அடுத்த இலையில் உட்கார்ந்தார். மணமக்களும் அவர்களுக்கு அடுத்து உட்கார்ந்தார்கள். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. முந்நூறு பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பள்ளிக்கூடப் பந்தியில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எழுந்து ஓடுவார்கள். இந்த மாதிரி வீடுகளில் முதல் இலைக்காரர் இலையை மடக்கி எழுந்திருக்காமல் வேறு யாரும் எழக் கூடாது.

பன்னிரண்டேகாலுக்குப் பரிமாற ஆரம்பித்தார்கள். கை சும்மா இருக்கிறதே என்று பெண்ணின் அம்மா சொர்ணாம்பாள் என்னிடமும் இஞ்சிப் பச்சடி வாளியைக் கொடுத்தார்கள். இவர் முதல் கவளத்தை வாயில் வைத்ததும் வழக்கம்போலக் கண்ணை உருட்டினார். சித்ரலேகா தலையைக் குனிந்துகொண்டாள். பாலக்காட்டு மேடை என் கண்ணுக்கு நேரே தெரிந்தது.

பன்னிரண்டரைக்கெல்லாம் எல்லோரும் பாயசம் வரைக்கும் வந்துவிட்டார்கள். இவரும்தான். இலையை மடக்கக் கை போனது. அப்போதுதான் வாத்தியாரின் கையும் தன் இலை ஓரத்தில் காத்திருப்பதை அவர் கவனித்திருக்கிறார். அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். நாற்பது பேர், எல்லார் கண்ணும் அவர் கையில். மடக்கப் போன கையை எடுத்துக்கொண்டு, சமையல்காரத் தவசுப்பிள்ளையைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சொதி போடுங்க" என்றார்.

போட்டார்கள். சாப்பிட்டார். மறுபடியும் கேட்டார். அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இவர் எழுந்தால்தான் அவர்கள் எழுவார்கள். கேமராக்காரர்கள் போனால்தான் இவர் எழ முடியும். அவர்கள் எழுந்தால்தான் கேமரா போகும்.

வெறுமனே தின்றுகொண்டிருக்க முடியாதே, பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தார். "எத்தனை தேங்கா உடைச்சிய?" என்றார் தவசுப்பிள்ளையிடம். அந்த மனிதர் நிகழ்ச்சியில் தன்னைக் கேட்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். மூன்றாம் பாலில் காயை வேகவிடணும், ரெண்டாம் பாலில் பருப்பைச் சேர்க்கணும், தலைப்பாலை ஊற்றினால் கொதிக்கவிடக் கூடாது, இறக்கி ஆறினபிறகுதான் எலுமிச்சம்பழம் பிழியணும். "கொதிச்சா?" என்று இவர் கேட்டார். "கொதிச்சா திரிஞ்சு போவும். அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சிட்டு வெளிய வருவேன்" என்றார் தவசுப்பிள்ளை.

அடுத்து வாத்தியார் பக்கம் திரும்பினார். "உங்க ஊர்ப் பக்கம் சொதி உண்டா அய்யா?"

"உண்டு. ஆனா எங்க ராதாபுரத்துல தண்ணிக்கே பஞ்சம், தேங்காய்க்கு எங்க போக? பனைதான் நிக்கும்" என்றார் வாத்தியார். "எங்கம்மா ஒரே ஒரு தேங்காய வச்சிட்டு ஒம்பது பேருக்குச் சொதி வச்சிருவா. நாலாம் பால், அஞ்சாம் பால்னு பிழிஞ்சுகிட்டே இருப்பா. அது வெறும் வெள்ளத் தண்ணி. அம்மா மனசு கஷ்டப்படும்னு நாங்க ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவோம்."

இவர் கை இலையிலேயே நின்றுவிட்டது. "அந்த அம்மா என்ன சொல்லுவாவ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணும் சொல்ல மாட்டா. அவளும் தெரியாத மாதிரியே இருப்பா" என்றார் வாத்தியார்.

கண்ணை உருட்டவில்லை, மாரில் அறையவில்லை. அவர் அப்படிப் பேசி நானே பார்த்ததில்லை. ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனார். சித்ரலேகா கேமராக்காரரின் தோளைத் தொட்டு, நிறுத்தாதே என்று சைகை செய்ததைக் கவனித்தேன். எனக்கு அதில் சந்தோசப்பட முடியவில்லை. சுவர்க் கடிகாரம் ஒன்றைத் தாண்டி ஐந்து நிமிஷம் காட்டியது.

இலையில் எல்லோருக்கும் கை காய்ந்துவிட்டது. வாத்தியார், "பைய சாப்பிடுங்க பயில்வான், அவசரமில்ல" என்று சொல்லிக்கொண்டே இடதுகைக் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பிடுகிற விருந்தாளியை எழுந்திரு என்று எந்த வீட்டுக்காரன் சொல்வான்? மகேஸ்வரன் பிள்ளை பந்தலுக்கும் வாசலுக்கும் நடந்தார். சொர்ணாம்பாள் என் பக்கத்தில் வந்தார்கள்.

"உங்க வீட்டுக்காரரு நல்லாச் சாப்பிடுதாரு, எனக்குச் சந்தோசந்தாம்மா" என்றார்கள். "ஆனா பிள்ளை ஒண்ணரைக்கு முந்தி படி இறங்கணும். மூத்தவ கல்யாணத்துல நாங்க நேரம் பாக்கல. அவ இப்ப இங்கனதான் எங்ககூட இருக்கா."

அந்த அம்மாள் கை காட்டிய பக்கம், கதவு மறைவில் ஒரு பெண் நின்றிருந்தாள். ராகுகாலத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தத் தாய்க்கு இருக்கிறதே. ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் சித்ரலேகா காதில் விழும், கையெழுத்துப் போட்ட தாள் பொய்யென்று ஆகும், வெள்ளிக்கிழமை அவர் பாலக்காட்டுக்குச் சரியென்று சொல்வார். இன்னும் ஒரு நிமிஷம், இன்னும் ஒரு நிமிஷம் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் புத்தி அன்றைக்கு அப்படிப் போனது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

இவர் தலையைத் தூக்கினார். சொர்ணாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதையும், இலை முன்னால் உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண் அம்மாவையே பார்ப்பதையும் பார்த்தார். கையிலிருந்த கவளத்தை இலையில் வைத்தார்.

"அய்யா, மன்னிச்சுக்கிடணும்" என்றார் வாத்தியாரிடம். "நான் சாப்பிட்டு முடிச்சு ரொம்ப நேரமாச்சு. என்னால எந்திரிக்க முடியல. முட்டு போச்சு."

பந்தியே சிரித்தது.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அங்கே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏதாவது ஒரு திடலில் அந்த வசனத்தைக் கேட்டவர்கள். மகேஸ்வரன் பிள்ளை பாவம், கை கொடுக்கலாம் என்று இரண்டு எட்டு வைத்தார். "கிட்ட போகாதிய தாத்தா, கழுத்தப் பிடிச்சிருவான்" என்று ஒரு சின்னப்பெண் கத்தினாள். அவரும் சிரித்துக்கொண்டே நின்றுவிட்டார். மாப்பிள்ளைகூடச் சிரித்தார். இவர் முகம் வேர்த்துக் கொட்டுகிறது, "மெய்யாத்தான் சொல்லுதேன்" என்கிறார், அதற்கும் சிரிப்பு. மேடையிலும் அதைத்தான் சொல்வார்.

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு நடுவில் போனேன். "மெய்தான். போன வருஷமே போச்சு. டாக்டரு சொல்லியாச்சு" என்றேன்.

"பொண்டாட்டியையும் கூட்டிட்டு வந்துல்லா நடிக்காரு" என்றது ஒரு குரல்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நடிப்பா? ஒரு வருசமா கக்கூசுக்குப் போயிட்டு எந்திரிக்க முடியாம என்னக் கூப்பிடுத மனுசன். அதையும் வந்து பாக்கியளா?" என்றேன். கல்யாண வீட்டில் சொல்கிற பேச்சா அது. பாதிப் பேர் சிரிப்பை நிறுத்தினார்கள். மீதிப் பேர் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். மணி ஒன்று பதினாறு. என்னால் மட்டும் அவரைத் தூக்க முடியாது. வாசல் பக்கம் திரும்பி, வேன் நிற்கிற திசையைப் பார்த்து, "மைதீன் அண்ணே" என்று கூப்பிட்டேன்.

அசன் மைதீன் அண்ணன் பந்தலுக்குள் வந்ததும் கூட்டத்துக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. சிங்கம் வந்துட்டு, சிங்கம் வந்துட்டு என்றார்கள். அவரும் நிலைமை தெரியாமல், பழைய ஞாபகத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கழுத்தைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டே வந்து குனிந்தார். "போகாதிய, போகாதிய" என்று பிள்ளைகள் குதித்தார்கள். இவர் கையை நீட்டினார். அண்ணன் பிடித்தார்.

பிடித்தவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

பயில்வான்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டாம். எனக்கு அன்றைக்கு அப்புறந்தான் சொன்னார்கள். சண்டையில் மெய்யாகவே அடிபட்டுவிட்டால் வாயால் சொல்லக் கூடாது, எதிராளி கையை இரண்டு தடவை அமுக்க வேண்டும். பலகை உள்வாங்கிய அன்றைக்குக்கூட இவர் யார் கையையும் அமுக்கவில்லை. பந்தலில் அண்ணன் கையை அமுக்கினார்.

"என்ன மச்சான் இது" என்றார் அண்ணன், எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற குரலில். "எம்புட்டு நாளா?"

"தூக்கும்வே முதல்ல" என்றார் இவர்.

அண்ணன் அவருக்குப் பின்னால் போய் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்தார். எத்தனையோ தடவை கீழே போடுவதற்காகத் தூக்கிய அதே பிடி. நான் வலது காலைப் பிடித்து நீட்டினேன். முட்டுக்குள் ஏதோ நகர்கிற சத்தம் எனக்கே கேட்டது. அவர் வாயிலிருந்து ஒரு முனகல் வந்தது. மேடையில் போடுகிற ஓலத்தில் கால்வாசிகூட இல்லை. ஆனால் பந்தல் முழுக்க அடங்கிவிட்டது. அந்தச் சின்னப்பெண் தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

நின்றார். ஒரு காலில் நின்றார். இலையை மடக்காமலே எழுந்துவிட்டோமே என்று அவர் திரும்பப் பார்த்தபோது, வாத்தியார் கையை நீட்டி இவருடைய இலையை மடக்கினார், அப்புறம் தன் இலையை மடக்கினார். நாற்பது பேரும் எழுந்தார்கள்.

ஒன்று இருபத்தைந்துக்கு விஜயஸ்ரீ படி இறங்கினாள். சொர்ணாம்பாள் மகளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, மணமக்கள் வண்டி கிளம்பியதும் நேராக என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள். "முதல்லயே சொல்லாம உங்களத் தவிக்க விட்டுட்டேம்மா" என்றேன். "போட்டும், நேரத்துக்குப் போயிட்டாள்ல" என்றார்கள்.

இவர் வாசலில் ஒரு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சித்ரலேகா எதிரே வந்து நின்றாள்.

"தாயி, அந்தத் தாள்ல பொய் எழுதிட்டேன்" என்றார் அவளிடம். "வேற ஆளப் பாத்துக்கிடுங்க. கோவப்பட மாட்டேன்."

"சார், சாப்பிடுறதுக்கு முட்டி எதுக்கு? நாற்காலி போட்டுக்கலாம்" என்றாள் அவள். "நாலு வாரமா நடிக்காதீங்க நடிக்காதீங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன். இன்னிக்கு நாப்பது நிமிஷம் நீங்களா பேசினீங்க. எதுக்காகப் பேசினீங்களோ, எனக்கு அது வேண்டாம். அந்த வாத்தியாரோட அம்மா கதை ஒண்ணு போதும். ஆபீஸ்ல ஒத்துக்கிட்டாதான் நான் வீட்டுக்குப் போவேன்."

பதின்மூன்று வாரத்துக்கு என்று மெட்ராஸிலிருந்து பதில் வந்தது அடுத்த செவ்வாய்க்கிழமைதான். பள்ளிக்கூடத்து போனில் பேசினார்கள். நான் கரண்டியோடு ஓடிப்போய் எடுத்தேன். ஆனால் இவர் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. விருந்து நடந்த அன்று சாயங்காலமே ஜங்ஷனில் வேனை நிறுத்தச் சொல்லி, ரோட்டைத் தாண்டி ஒரு எஸ்டிடி பூத்துக்குள் போனார். நானும் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணாச்சி, கருத்தையா பேசுதேன். பாலக்காட்டுக்கு நான் வரல. இனிமே எங்கனயும் வரல. முட்டு போச்சு."

அந்தப் பக்கம் வன்னியராஜ் சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. "ஏலே, என்ட்டயே உன் நொண்டி வித்தையக் காட்டுதியாலே?"

நான் சொல்கிறேன், கொடுங்கள் என்று கை நீட்டினேன். இவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"நம்பாட்டா போட்டும் அண்ணாச்சி" என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டார்.

வெளியே வந்தோம். பஸ்களும் ஆட்களுமாக நெரிசல். நாலு பேர் பார்க்கிற இடத்தில் கல் மாதிரி நிமிர்ந்து நடக்கிற மனிதர், அன்றைக்குக் காலை இழுத்து இழுத்து நடந்தார். ஒரு பஸ் ஜன்னலிலிருந்து எவனோ, "காட்டேரி நொண்டுதாம்லே, யாரும் கிட்ட போயிராதிய" என்று கத்தினான். இவர் அவனுக்குக் கையை ஆட்டிவிட்டு, அதே கையை என் தோளில் போட்டார். முழுப் பாரத்தையும் போட்டார். நூற்றுப் பத்துக் கிலோ. என் செருப்பு தாரில் அழுந்தியது.

"வலிக்குதா?" என்றேன்.

"கொல்லுது வடிவு" என்றார்.

ஒண்ணுமில்ல என்றுதான் சொல்வார் என்று நினைத்திருந்தேன். நடு ரோட்டில், ஒரு ஆட்டோக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கும்போது, எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தேன். வேன் வரைக்கும் பைய நடந்தோம்.